குடும்ப வேகனுக்கு டீசல் ஒத்துவருமா? ஏழு வருடம் ஓட்டியதில் தெரிந்துகொண்டது

ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று காலை பானட்டைத் திறந்தேன். நீண்ட பயணத்துக்கு முன்னால், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்ப்பது அப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆயில் குறையவில்லை. மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. ஐந்து மாதத்துக்கு முன் சர்வீஸ் முடிந்து வந்தபோது அளவு சரியாக இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நடுவில் யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. துணியில் தடவி முகர்ந்தேன். ஆயில் வாடையோடு டீசல் வாடையும் வந்தது. விரலில் தேய்த்தால் வழவழப்பு குறைந்து தண்ணீர் போல ஓடியது.

குடும்ப வேகனுக்கு டீசல் என்ஜின் சரிப்படுமா என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த டிப்ஸ்டிக்தான்.

வண்டி வாங்கும்போது எங்களுக்குக் குழப்பமே இருக்கவில்லை. என் கணவரின் வேலையிடம் வீட்டிலிருந்து 58 கிலோமீட்டர். அதில் முக்கால்வாசி நெடுஞ்சாலை. மூன்று வருடம் ஓடிய, 46,000 கிலோமீட்டர் காட்டிய இரண்டு லிட்டர் டீசல் ஸ்டேஷன் வேகன் ஒன்று கிடைத்தது. பின்கதவைத் தூக்கினால் குழந்தைகளின் தள்ளுவண்டி, மிதிவண்டி, மாமியாரின் சக்கர நாற்காலி எல்லாம் உள்ளே போகும். உயரமான எஸ்யூவி எங்களுக்கு வேண்டாம் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தோம். அதே அளவு இடம் வேகனிலும் கிடைக்கிறது. வண்டி தாழ்வாக இருப்பதால் காற்றோடு அவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பெட்டி ஏற்றவும் தம் கட்டித் தூக்க வேண்டியதில்லை.

அடுத்த நான்கு வருடம் அந்த வண்டி எங்களை ஒருநாள்கூட நடுவழியில் விடவில்லை. லிட்டருக்கு 19, 20 கிலோமீட்டர் என்று நிதானமாகக் கொடுத்தது. டேங்கை நிரப்பினால் 900 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்கைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக மலையேறும்போதுதான் டீசலின் அருமை தெரியும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து என்ஜினை அலறவிட வேண்டியதில்லை. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் முழு இழுவையும் கையில் இருக்கும். நான்காவது கியரிலேயே கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வந்து ஏறிவிடும். டர்போ (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத அதே கொள்ளளவு பெட்ரோல் என்ஜின் சுமார் 200 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை, தரும், அதுவும் 4,000 சுற்றுக்குப் பக்கத்தில்தான். எங்கள் டீசல் 340-ஐ அதில் பாதிச் சுற்றிலேயே கொடுத்தது.  எங்கள் வேகன் ஆளில்லாமல் போனாலும் ஆள் நிறைந்து போனாலும் குடிப்பதில் பெரிய வித்தியாசம் காட்டாது. பின்சீட்டில் குழந்தைகள் தூங்க, என்ஜின் சத்தம் ஒரு மெல்லிய முனகலாக அடங்கிப்போகும் அந்த இரவுப் பயணங்களை இன்றும் ஆசையாக நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் பின்னால் வந்த தொல்லையும் புரியும். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து பதினாறு மடங்கு நெருக்கி, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அதில் எரிபொருளைப் பீய்ச்சுகிறது. பட்டதும் பற்றிக்கொள்கிறது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்கில் ஓட்டிக் காட்டிய என்ஜினே எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி என்ஜின்களில் பெரும்பாலானவை அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆற்றலில் அதிகப் பங்கு சக்கரத்துக்குப் போனால், வெப்பமாக வீணாவது குறையும். வீணாகும் வெப்பம் குறைந்தால் என்ஜினும் புகைக்குழாயும் சூடாவதற்கு நேரம் பிடிக்கும். நெடுஞ்சாலையில் எங்களுக்கு லாபம் தந்த அதே குணம்தான் பள்ளிக்கூட ஓட்டத்தில் எங்களுக்கு எதிராகத் திரும்பியது.

கணவர் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைக்கு மாறினார். வேகன் என் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் மூன்றரை கிலோமீட்டர். காலையில் விட்டுவிட்டுத் திரும்புவேன், மாலையில் போய் அழைத்துவருவேன். நடுவில் மாமியாருக்கு மருந்து, காய்கறி, மகளின் நீச்சல் வகுப்பு. எல்லாமே பத்து நிமிடத் தொலைவு. வருடத்துக்கு 29,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி 9,000-க்கு இறங்கியது. ஓட்டம் குறைகிறதே, வண்டிக்குத் தேய்மானமும் குறையும் என்று நாங்கள் இருவருமே மனதார நம்பினோம்.

வண்டி பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறது. எனக்குத்தான் அந்த மொழி தெரியவில்லை. சில நாள் பள்ளி வாசலில் நிறுத்தி சாவியை எடுத்த பிறகும் முன்னால் இருக்கும் ஃபேன் ஓங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னலில் தானாக அணையும் என்ஜின் அன்று அணையாது. என்ஜின் சுற்றைக் காட்டும் முள், நியூட்ரலில் 800-இல் நிற்பது, 1,000-இல் நிற்கும். மைலேஜ் காட்டும் எண் திடீரென்று பாதியாகும். ஒருநாள் பெரியவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, ஏதோ தீஞ்ச வாடை வருதும்மா" என்றான். இறங்கி நான்கு டயரையும் பிரேக்கையும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அணைக்கவே கூடாத நேரம் அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

டிப்ஸ்டிக்கைப் பார்த்த அன்று பயணத்தை ஒத்திவைத்துவிட்டு, எங்கள் வண்டியை முதலிலிருந்து பார்த்துவரும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவரே வந்தார். டிப்ஸ்டிக்கை முகர்ந்தார், வண்டியின் கணினியில் பதிவானதைப் படிக்கும் ஸ்கேனரைச் சொருகினார், கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மேடம், இப்ப இந்த வண்டிய யாரு ஓட்டுறா?"

"நான்தான் அண்ணா. முன்னாடி அவர் ஓட்டிட்டிருந்தார்."

"எங்க போறீங்க?"

"ஸ்கூலுக்கு. மூணரை கிலோமீட்டர்."

"தூரம் கிடக்கட்டும். ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணா எத்தன நிமிஷம் ஓடுது?"

"பத்து நிமிஷம் இருக்கும் அண்ணா."

ஸ்கேனரைத் திருப்பிக் காட்டினார். புகைவடிகட்டியில் கரி 88 சதவீதம் நிறைந்திருந்தது. கடைசியாக அது முழுதாக எரிந்து சுத்தமாகி 940 கிலோமீட்டர் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வண்டி பதினொரு முறை எரிக்க முயன்று பதினொரு முறையும் பாதியில் நின்றிருந்தது. ஒவ்வொரு முறையும் நிறுத்தியது நான்.

அவர் விளக்கியதையும், பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். டீசல் எரியும்போது நுண்ணிய கரித்துகள் உண்டாகும். அதைக் காற்றில் விடாமல் பிடித்துவைக்கப் புகைக்குழாயில் தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்று இருக்கிறது. மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். 2000-ஆம் ஆண்டு பெஜோ 607-இல் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. அதன் பிறகு விதிகள் இறுக இறுக மற்ற டீசல் கார்களுக்கும் பரவியது. பிடித்துவைத்த கரியை அவ்வப்போது எரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் போய்க்கொண்டிருந்தால் புகையின் சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்துவிடும். அப்படி எரியாமல் சேர்ந்துபோனால், வண்டியே முடிவெடுத்து சிலிண்டருக்குள் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். அந்த டீசல் புகையோடு போய் வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். கரி எரிந்து வாயுவாகப் போய்விடும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். அதுவும் என்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் ஆரம்பிக்கும்.

நான் என்ன செய்தேன்? அது ஆரம்பித்த மூன்றாவது நிமிடத்தில் பள்ளி வாசலில் நிறுத்தினேன். தாமதமாகப் பீய்ச்சிய டீசல் எல்லாம் புகைக்குழாய்க்குப் போவதில்லை. கொஞ்சம் சிலிண்டர் சுவரில் படிந்து, பிஸ்டன் ரிங் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கும். பெட்ரோலாக இருந்தால் ஆயில் சூடாகும்போது பெரும்பாலும் ஆவியாகிவிடும். டீசல் அவ்வளவு லேசில் ஆவியாகாது. அங்கேயே தங்கிச் சேரும். பதினொரு முறை தோற்ற முயற்சியின் மிச்சம்தான் அந்த ஒரு விரற்கடை. நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் முதலில் அடிவாங்குவது டர்போவின் பேரிங். அளவு மிகவும் ஏறிவிட்டால் என்ஜின் தன் ஆயிலையே இழுத்து எரிக்கத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலையேறக் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே உடம்பு நடுங்கியது.

பழைய ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றினார். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, அடியில் காய்ந்த புல் இல்லை என்று பார்த்து, ஸ்கேனர் மூலம் கரியை எரியவைத்தார். அரை மணி நேரம் வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்க முடியாத அனல். முடிந்ததும் 88 என்பது 9 ஆனது. அப்போதும் ஆயில் அளவை மறுபடி பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தார்.

இதற்கு நடுவில் வேறு ஒருவர், "அந்த ஃபில்டர உடைச்சு எடுத்துட்டு வெத்து டப்பாவ வெல்ட் பண்ணிடலாம், சாஃப்ட்வேர்லயும் மாத்திடலாம், தொல்லையே இருக்காது" என்றார். நிறைய பேர் அப்படிச் செய்கிறார்கள். மைலேஜ்கூட கொஞ்சம் ஏறும் என்றும் சொன்னார். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியான பட்டியலில் சேர்த்தது. நான் தினமும் வண்டியை நிறுத்துவது முந்நூறு குழந்தைகள் வரிசையில் நிற்கும் வாசலில். புகைக்குழாயின் உயரமும் ஒரு நான்கு வயதுக் குழந்தையின் மூக்கின் உயரமும் எவ்வளவு பக்கம் என்று ஒருமுறை நின்று பாருங்கள். வடிகட்டியைக் கழற்றித்தான் ஒரு டீசல் நம் வீட்டுக்குச் சரிப்படும் என்றால், அந்த வண்டி நம் வீட்டுக்குச் சரிப்படவில்லை என்றுதான் அர்த்தம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

மெக்கானிக் அண்ணா போகும்போது சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. "கிலோமீட்டர எண்ணாதீங்க மேடம், ஸ்டார்ட்ட எண்ணுங்க." அன்றே ஒரு சின்ன நோட்டைக் கதவுப் பையில் போட்டேன். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் நேரம், அணைக்கும்போதும் நேரம். இரண்டு வாரம் எழுதினேன். மொத்தம் 61 ஸ்டார்ட். அதில் 52 பன்னிரண்டு நிமிடத்துக்குள். ஆறு, பன்னிரண்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். இருபத்தைந்தைத் தாண்டியவை மூன்றே மூன்று. டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் எட்டு ஒன்பது நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்து என்ஜின் சூடாகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். அந்த முள் சொல்வது என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் கதையை. ஆயில் அதற்குப் பிறகு நிதானமாகத்தான் சூடாகும். வடிகட்டியின் கதை வேறு. ஆக, 61-இல் 52 முறை நான் வண்டியை அது முழுதாக விழித்துக்கொள்ளும் முன்பே தூங்கவைத்திருக்கிறேன்.

"வருடத்துக்கு இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் டீசல் வாங்கு" என்ற கணக்கு எல்லார் வாயிலும் இருக்கிறது. அந்தக் கணக்கு பாதி உண்மை என்பதுதான் என் கருத்து. ஒரே நாளில் இருபது தடவை நின்று நின்று 80 கிலோமீட்டர் ஓடும் வண்டியும், வாரத்துக்கு இரண்டே முறை 200 கிலோமீட்டர் போய்வரும் வண்டியும் டீசலுக்கு ஒன்றில்லை. இரண்டாவதன் ஆண்டுக் கணக்கு குறைவாக இருந்தாலும் டீசல் அங்கே சுகமாக வாழும்.

அதன் பிறகு நாங்கள் வண்டியை விற்றுவிடவில்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டோம். மழையில்லாத நாளில் பள்ளிக்கு மிதிவண்டியும் நடையும். தனித்தனியாக ஓடிய மருந்தும் காய்கறியும் நீச்சல் வகுப்பும் வாரத்தில் இரண்டே சுற்றுகளாகச் சேர்ந்தன. அதில் தூரமான இடத்துக்கு முதலில் போய், என்ஜின் சூடாக இருக்கும்போதே பக்கத்து வேலைகளை முடித்துத் திரும்புவேன். பத்து நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில், ஒரு கியர் குறைத்து, சுற்று 2,000-க்கு மேல் நிற்கும்படி ஓட்டினேன். வெறுமனே எரிபொருளை எரிக்கப் போகக் கூடாது என்பதால் அம்மா வீட்டுக்குப் போவதை அதோடு சேர்த்துக்கொண்டேன். வண்டி கரியை எரிக்கும் அடையாளங்களும் பழகிவிட்டன. முள் ஆயிரத்தில் நின்றால், மைலேஜ் எண் விழுந்தால், அன்று வீட்டு வாசலைத் தாண்டி இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுத்தான் வருவேன். டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. எரிபொருள் ரிசர்வுக்குப் போனால் பல வண்டிகள் எரிக்கும் வேலையைத் தொடங்கவே தொடங்காது. கருவி எச்சரிக்காவிட்டாலும் மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக். குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல் ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சர்வீஸ் புத்தகம் சொன்ன கிலோமீட்டருக்குப் பாதியிலேயே ஆயிலை மாற்றினேன். சாம்பல் குறைவாகத் தரும், அந்த வடிகட்டிக்கென்றே உள்ள தர எண் போட்ட ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஏனென்றால் கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. அது வடிகட்டியின் ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும்.

இத்தனை செய்த பிறகு ஒன்றரை வருடம் தொல்லையில்லாமல் ஓடியது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி குடும்பத்துக்காக ஓடிய காலம் போய், குடும்பம் வண்டிக்காக ஓட ஆரம்பித்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்று அவசரமாகப் போய்த் திரும்பும் ஒரு இரவில், முள் ஆயிரத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று போகலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடி எனக்குப் பிடிக்கவில்லை.

சேமிப்புக் கணக்கையும் உட்கார்ந்து போட்டேன். டீசல் லிட்டருக்கு 18 கிலோமீட்டர், அதே வேகனின் பெட்ரோல் வகை 14 கிலோமீட்டர் என்று வைத்தால், 1,000 கிலோமீட்டருக்கு டீசல் 55.6 லிட்டர், பெட்ரோல் 71.4 லிட்டர். மிச்சம் சுமார் 16 லிட்டர். வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடினால் 400 லிட்டருக்குப் பக்கத்தில் மிஞ்சும். அது பெரிய தொகை. 8,000 ஓடினால் 127 லிட்டர்தான். அதை ஐந்து வருடம் சேர்த்தாலும் ஒரு புது வடிகட்டிக்கோ எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கோ ஈடாகுமா என்பதை உங்கள் ஊர் விலையில் போட்டுப் பாருங்கள். வாங்கும்போது டீசலுக்குக் கொடுக்கும் கூடுதல் விலையையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். இன்னொன்றும் உண்டு. டீசல் பெட்ரோலைவிடக் கனமானது, ஒரு லிட்டரில் கார்பன் அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் எரிந்தால் 2.6 கிலோ. மேலே சொன்ன 1,000 கிலோமீட்டருக்கு டீசல் 145 கிலோ, பெட்ரோல் 164 கிலோ. லிட்டர் கணக்கில் 22 சதவீதமாகத் தெரியும் மிச்சம் இதில் 12 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

மற்ற உறுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் வால்வு குறுகிய ஓட்டத்தில் கரி படிந்து ஒட்டிக்கொள்ளும். எங்களுடையதை ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்தோம். புதிய டீசல்களில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க ஆட்ப்ளூ என்ற கரைசலுக்குத் தனி டேங்க் உண்டு. 32.5 சதவீத யூரியா, மீதி தூய நீர். அது முழுதும் தீர்ந்துபோனால், அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி வடிவமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் நிரப்பிவிடுவது நல்லது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும்படி டீசல் கார்களை அமைத்திருந்த ஃபோக்ஸ்வாகன் மோசடி 2015 செப்டம்பரில் வெளிவந்த பிறகு, சோதனைக்கூடத்தில் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது என்று 2017 முதல் ஐரோப்பாவில் சாலையில் ஓட்டியும் அளக்கிறார்கள். ஆகவே, பழைய டீசலைவிட அந்தச் சோதனையைத் தாண்டிவந்த டீசலையே நான் நம்புவேன். ஆனால் அந்த ஏற்பாடுகளும் சூடான பிறகுதான் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

பங்கில் டீசலுக்குப் பதிலாகத் தவறிப்போய்ப் பெட்ரோல் ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைத் திருப்பி விளக்கு எரியவைப்பதுகூட வேண்டாம், சில வண்டிகளில் அப்போதே பம்பு இழுக்க ஆரம்பித்துவிடும். உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகும்கூட. பெட்ரோல் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். அந்தத் துகள்கள் இன்ஜெக்டர் வரை போகும். வீட்டில் வேறு யாராவது வண்டியை எடுத்துப்போனால் மூடிக்குள் "டீசல்" என்று பெரிதாக ஒட்டிவையுங்கள். எங்கள் வண்டியில் நான் ஒட்டியிருந்தேன்.

பழைய டீசல் வேகன் தேடுபவர்கள் பெரும்பாலும் குறைவாக ஓடிய வண்டியைத்தான் தேடுகிறார்கள். நான் இப்போது பயப்படுவது அதற்குத்தான். எட்டு வருடத்தில் 40,000 மட்டும் ஓடிய டீசல் என்றால், யார் எங்கே ஓட்டினார்கள் என்று கேட்பேன். வாரம் முழுக்கக் கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்த 40,000-ஐவிட, நெடுஞ்சாலையில் ஓடிய 1,40,000 எனக்கு மேல். வாங்கும் முன் ஸ்கேனர் வைத்துள்ள மெக்கானிக்கை உடன் அழைத்துப்போய், வடிகட்டியில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கடைசியாக முழுதாக எரிந்தது எப்போது என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். புகைக்குழாயின் உள்ளே வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுப் பாருங்கள். வடிகட்டி உள்ள வண்டியில் துணி கறுப்பாகக் கூடாது. கரி அப்பினால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றியிருக்கலாம். அப்படியானால் விலை எவ்வளவு இறங்கினாலும் திரும்பிவிடுங்கள்.

கொழுந்தனாருக்குப் போன வருடம் தினமும் 70 கிலோமீட்டர் போய்வரும் வேலை கிடைத்தது. வேகன் அவரிடம் போனது. நாங்கள் பெட்ரோல் ஹைப்ரிட் வேகன் ஒன்றுக்கு மாறினோம். பள்ளிக்குப் போய்வரும் தூரத்தில் பாதியை மின்சாரத்திலேயே ஓட்டுகிறது, அணைக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. ஆனால் முழுச்சுமையோடு மலையேறும்போது என்ஜின் அலறுவதைக் கேட்டால் பழைய வண்டியை மனம் தேடத்தான் செய்கிறது. அந்த வண்டியோ 2,10,000-ஐத் தாண்டி, லிட்டருக்கு 20 கொடுத்துக்கொண்டு, கொழுந்தனார் வீட்டில் ராஜா மாதிரி இருக்கிறது. அவரிடம் போன பிறகு வடிகட்டிக்காக யாரும் ஸ்கேனரைச் சொருக வேண்டி வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் தங்கை ஃபோன் செய்தாள். இரண்டு குழந்தைகள், ஒரு பெரிய நாய், வேகன் வாங்கப் போகிறார்கள். "அக்கா, நான் அவ்வளவா ஓட்டுறதே இல்ல, டீசல் எனக்கெல்லாம் தேவையில்லதானே?" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும், "பதில் இப்ப சொல்ல மாட்டேன். ரெண்டு வாரம் நோட்டுல எழுது" என்றேன். எழுதி அனுப்பினாள். வீட்டுப் பக்கத்து வேலைக்கெல்லாம் அவள் ஸ்கூட்டர் எடுக்கிறாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கார் வெளியே வந்தது இரண்டு வாரத்தில் ஒன்பது முறைதான். அதில் ஏழு, நாற்பது நிமிடத்துக்கு மேல், குழந்தைகளும் நாயும் பெட்டிகளுமாக.

டீசல்தான் வாங்கினாள். டிப்ஸ்டிக் எங்கே இருக்கிறது, எப்படித் துடைத்துப் பார்ப்பது என்று முதல் நாளே நேரில் போய்க் காட்டிக்கொடுத்தேன். மாதம் பிறந்ததும் வாட்ஸாப்பில் ஒரு படம் வரும். இதுவரை மூன்று வந்திருக்கின்றன. மூன்றிலும் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவிலேயே நிற்கிறது.